பாலக்கோடு மாந்தோப்புக்கு அலங்காரக் கினிக்கோழி வாங்கலாமா?

பாலக்கோடு பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அலங்காரக் கினிக்கோழி தருகிறேன் என்று ஒருவர் நீல நெஞ்சுள்ள பறவையின் படத்தை போனில் அனுப்பியிருக்கிறாராம். அது பார்க்க எப்படி இருக்கும், சுபாவம் என்ன, நாட்டுக்கோழியோடு விடலாமா, அது இருந்தால் பாம்பு வராது என்கிறார்களே, உண்மையா என்பது கேள்வி. நான்கு கேள்வியாகத் தெரிந்தாலும் அவர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது இரண்டுதான். படத்தில் இருப்பதுதான் கைக்கு வருமா? வந்தால் தோப்பில் தங்குமா? முதல் கேள்விக்கு என் பதில், அநேகமாக வராது. இரண்டாவதற்கு, தங்கும், ஆனால் வேலி போட்டு அதைத் தங்கவைக்க முடியாது. குஞ்சாக இருக்கும்போது எந்த இடத்தைத் தன் வீடு என்று அது பழகுகிறதோ அங்கேதான் தங்கும். கினிக்கோழி வளர்ப்பில் பாதி நஷ்டம் இது புரியாமல் வருவது.

நான் கால்நடை மருத்துவம் படித்து, தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் வேலை பார்த்தவன். புள்ளி போட்ட சாதாரணக் கினிக்கோழியை வீட்டிலும் வளர்க்கிறேன். படத்தில் உள்ள நீலப் பறவையை மிருகக்காட்சி சாலையில் பார்த்ததோடு சரி, வளர்த்ததில்லை. அதைப் பற்றி இங்கே சொல்வது படித்தறிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த நீலப் பறவை. கினிக்கோழி இனம் முழுவதும் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. பிரிப்பவர்களைப் பொறுத்து ஆறு வகை என்றும் எட்டு வகை என்றும் சொல்வார்கள். அவற்றில் உருவத்தில் பெரியதும் அழகில் முதலாவதும் வல்ச்சரைன் என்று விற்பவர்கள் சொல்லும் கழுகுத்தலைக் கினிக்கோழி. எத்தியோப்பியா, சோமாலியா, கென்யா, தான்சானியாவின் வடகிழக்கு ஆகிய பகுதிகளின் வறண்ட முள்காடுகள் அதன் ஊர். நீளம் 61 முதல் 71 சென்டிமீட்டர். தலையிலும் மேல்கழுத்திலும் முடி கிடையாது, சாம்பல் கலந்த நீலத் தோல். பிடரியில் மட்டும் செம்பழுப்பு நிறத்தில் குட்டையான மென்மயிர்ப் பட்டை. கண் நல்ல சிவப்பு. கழுத்தடியிலிருந்து நெஞ்சின்மேல் நீண்ட கூர்மையான இறகுகள் தொங்கும். ஒவ்வொன்றிலும் நடுவில் வெள்ளைக் கோடு, அதன் இரு பக்கமும் கறுப்பும் நீலமும். நெஞ்சு பளிச்சென்ற நீலம். மீதி உடம்பு கறுப்பில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளி. வால் மற்ற கினிகளைவிட நீளம். தலையை மட்டும் பார்த்தால் அசிங்கம், கழுத்துக்குக் கீழே பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. இன்னொரு அலங்கார வகை, தலையில் சுருள் சுருளான கறுப்பு முடி வைத்த கொண்டைக் கினி. அது அடர்ந்த காட்டுப் பறவை, நம்மூர் வெயிலில் திறந்த தோப்பில் விடுவதற்கு உரியதல்ல.

நீலக் கினியின் சுபாவம் பற்றி அருமையான ஒரு ஆராய்ச்சி உண்டு. கென்யாவில் ம்பாலா ஆய்வு மையத்தில் நானூறுக்கும் மேற்பட்ட பறவைகளுக்குக் காலில் நிற வளையம் போட்டுக் கண்காணித்தார்கள். முடிவு 2019ல் வெளிவந்தது. ஒவ்வொரு கூட்டமும் யார் யார் என்பது மாறாமல் இருக்கிறது, அதோடு குறிப்பிட்ட சில கூட்டங்களோடு மட்டும் மறுபடி மறுபடி சேர்ந்து மேய்கிறது, ஒன்றாக மரத்தில் அடைகிறது என்று தெரிந்தது. யானை, சில குரங்குகள் மாதிரி பெரிய மூளை உள்ள விலங்குகளுக்குத்தான் இப்படி அடுக்கடுக்கான சமூகம் அமையும் என்று அதுவரை நினைத்திருந்தார்கள். இதை இங்கே சொல்லக் காரணம், அப்படிப்பட்ட பறவையை ஒரே ஒரு ஜோடியாக வாங்கி பத்துக்குப் பத்து கூண்டில் அடைத்தால் இறகு மட்டும்தான் நமக்குக் கிடைக்கும், அதன் வாழ்க்கையில் எதையும் பார்க்க மாட்டோம். தவிர, வறண்ட சூடான நிலத்துப் பறவை அது. தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கத்து மார்கழிக் குளிரும் ஈரமும் அதற்கு ஆகாது. பாலக்கோடு கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் மழைக்காலத்தில் கூரையும் காய்ந்த தரையும் இல்லாமல் முடியாது.

இப்போது சந்தையில் உண்மையாகக் கிடைப்பது. நம் ஊரில் கினிக்கோழி, கின்னிக்கோழி என்று சொல்லி விற்பது எல்லாமே தலையில் கொம்பு வைத்த ஒரே இனம்தான். உத்தரப் பிரதேசம் இஸ்ஸத்நகரில் உள்ள மத்தியப் பறவை ஆராய்ச்சி நிறுவனம் இதில் மூன்று ரகங்களை வெளியிட்டிருக்கிறது: காதம்பரி, சிதம்பரி, ஸ்வேதாம்பரி. காதம்பரி கருஞ்சாம்பலில் முத்து முத்தாக வெள்ளைப் புள்ளி வைத்தது, சிதம்பரி வெளிர் சாம்பல்நீலத்தில் புள்ளி வைத்தது, ஸ்வேதாம்பரி வெள்ளை. விற்பவர்கள் பேர்ல், லாவெண்டர், ஒயிட் என்பார்கள். இந்த வெளிர்நீல லாவெண்டரைத்தான் சிலர் நீலக் கினி என்று சொல்லி, படத்துக்கு மட்டும் கென்யாப் பறவையைப் போட்டு அனுப்புகிறார்கள். அதனால் உங்களுக்குப் படம் அனுப்பியவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: தாய்ப் பறவையை அவருடைய இடத்திலேயே, நடமாடும் நிலையில், வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். நீலக் கினியை முட்டையாகவோ ஒரு வாரக் குஞ்சாகவோ தருகிறேன் என்றால் வேண்டவே வேண்டாம். அந்த வயதில் எந்தக் குஞ்சிலும் நீல நெஞ்சு இருக்காது, நீங்களும் நானும் பார்த்துப் பிரிப்பது கடினம்.

சாதாரணக் கினி என்றதும் மட்டமாக நினைக்க வேண்டாம். எனக்கு அதுவே போதுமான அழகு. ஒரு இறகைப் பிடுங்கி வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள், புள்ளி ஒவ்வொன்றும் காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி வட்டமாக இருக்கும். இறக்கையின் வெளிஇறகுகளுக்கு வந்ததும் அதே புள்ளிகள் இணைந்து கோடாகிவிடும். முதுகு கூன் விழுந்த மாதிரி உயர்ந்து, வால் கீழே தொங்கும். முகம் வெளிர் நீலமும் வெள்ளையும், அலகின் இரு பக்கமும் சிவப்புத் தாடி, உச்சந்தலையில் எலும்பாலான ஒரு கொம்பு. அந்தக் கொம்பு எதற்கு என்பதில் ஆளுக்கொரு கருத்து. முடியில்லாத தலையும் கழுத்தும் உடம்புச் சூட்டை வெளியேற்றி மூளையைக் குளிர்ச்சியாக வைக்க உதவுகின்றன என்பதற்குப் பரிசோதனை ஆதாரம் உண்டு. கொம்பு சண்டையில் தலையைக் காக்கிறது என்பது ஊகம். வளர்ந்த பறவை ஒன்றரைக் கிலோவை ஒட்டி இருக்கும், உருவத்தைப் பார்த்தால் இரண்டரைக் கிலோ என்று தோன்றும், அத்தனையும் இறகு. சந்தையில் எடைக்கு வாங்குபவர்கள் இதைக் கவனிக்கவும்.

ஆண் பெண் கண்டுபிடிப்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள், "ஜோடி" என்று விற்பதில் பாதி ஜோடியே இல்லை. நிறத்தில் வித்தியாசம் கிடையாது. ஆணின் தாடி பெரிதாக, விளிம்பு முன்பக்கம் மடிந்து குழிவாக இருக்கும். பெண்ணுடையது சின்னது, தட்டை. ஆனால் இளம் ஆணும் வயதான பெண்ணும் இதில் குழப்பிவிடும். நம்பகமானது குரல்தான். பெண் இரண்டு அசையாகக் கத்தும், முதல் அசை தாழ்ந்து இரண்டாவது அசை மேலே எழும்பும். எண்ணெய் காணாத கிணற்று ராட்டினம் சுற்றுகிற சத்தம் அது. ஆணுக்கு அந்த இரட்டைச் சத்தம் வரவே வராது, ஒற்றை அசையை மட்டும் விடாமல் அடுக்கும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பயந்தால் பெண்ணும் ஒற்றை அசையில் கத்தும். எனவே இரட்டைச் சத்தம் கேட்டால் பெண் என்று உறுதியாகச் சொல்லலாம், கேட்காவிட்டால் ஆண் என்று உறுதியாகச் சொல்லக் கூடாது. இரண்டு மாதத்துக்குக் கீழே உள்ள குஞ்சில் இதுவும் கைகொடுக்காது.

சுபாவத்துக்கு வருகிறேன். கினிக்கோழி தனியாக எதையும் செய்யாது. மேய்வது, மண்குளியல் போடுவது, தண்ணீருக்குப் போவது, ஓடுவது எல்லாம் கூட்டமாக. ஒன்று கூட்டத்தைத் தவறவிட்டால் மற்றவை பதில் சொல்லும்வரை கத்திக்கொண்டே இருக்கும். ஆபத்து என்றால் முதலில் ஓடத்தான் பார்க்கும், பறப்பது கடைசி. ஆனால் பறக்காது என்று நினைத்துவிடாதீர்கள். ஆறடி வேலி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பொழுது சாய்ந்ததும் உயரமான இடம் தேடும். உங்கள் தோப்பில் மாமரமும் புளியமரமும் இருக்கும், அங்கே ஏறி உட்கார்ந்துவிட்டால் கோட்டானுக்கும் மரநாய்க்கும் விருந்து. புதிய ஆள், புதிய வண்டி, வரப்பில் நரி, வானத்தில் வல்லூறு, எதைக் கண்டாலும் மொத்தக் கூட்டமும் கத்தும். காவலுக்கு நல்லது என்பார்கள். நல்லதுதான், ஆனால் பிளாஸ்டிக் பை பறந்தாலும் அதே கத்தல்தான். தோப்பில் பரவாயில்லை, ஓசூர் லேஅவுட்டில் அடுத்த வீட்டுக்காரரோடு சண்டை நிச்சயம்.

தங்கவைக்கும் வழி ஒன்றுதான். குஞ்சாக வாங்கி, எந்தக் கொட்டகையில் இரவு அடைய வேண்டுமோ அங்கேயே வைத்து வளர்க்க வேண்டும். இறகு முளைத்த பிறகும் ஆறு வாரமாவது உள்ளேயே இருக்கட்டும், வெளியே தெரிகிற மாதிரி கம்பிவலை இருந்தால் நல்லது. அப்புறம் எல்லாவற்றையும் ஒரே நாளில் திறந்துவிடாமல் இரண்டை மட்டும் வெளியே விடுங்கள். உள்ளே இருப்பவை கத்த, வெளியே போனவை கொட்டகையைச் சுற்றியே நிற்கும். சில நாள் கழித்து இன்னும் இரண்டு. மாலையில் ஒரே நேரத்தில், ஒரே சத்தம் கொடுத்து, கம்போ சாமையோ ஒரு பிடி கொட்டகைக்குள் போடுங்கள். தீனியை விட அந்தச் சத்தமும் நேரமும்தான் அதற்குப் பிடிமானம். இருட்டான கொட்டகைக்குள் நுழையத் தயங்கும், அதனால் அடையும் வரை உள்ளே ஒரு சின்ன பல்பு எரியட்டும். உட்காரக் கழி உயரத்தில் இருக்க வேண்டும்.

குஞ்சு வளர்ப்பில் மூன்று இடத்தில் சாவு வரும். ஈரம், வழுக்கும் தரை, தண்ணீர்த் தட்டு. முதல் வாரம் 35 டிகிரி சூடு, அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம். செய்தித்தாள் விரித்தால் கால் வழுக்கி அகன்றுவிடும், பிறகு அந்தக் குஞ்சு நடக்காது; சாக்கு விரியுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள், இல்லையென்றால் விழுந்து நனைந்து செத்துப்போகும். தீவனத்தில் 24 முதல் 26 சதவீதம் புரதம் வேண்டும். நாட்டுக்கோழிக் குஞ்சுக்குப் போடும் ராகி நொய்யை மட்டும் நம்பினால் கினிக் குஞ்சு தேறாது. பெரிதான பிறகு நோய் எதிர்ப்பு கோழியைவிட நன்றாகவே இருக்கும், ஆனால் வெள்ளைக்கழிச்சல் வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வரும், அறிகுறி அதிகம் காட்டாமலே உங்கள் நாட்டுக்கோழிக்கும் கொண்டுபோய்க் கொடுக்கும். கோழிக்குத் தடுப்பூசி போடும்போது இதற்கும் சேர்த்து மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள்.

முட்டைப் பருவம் நம் பக்கம் பங்குனி வாக்கில் தொடங்கி புரட்டாசி வரை ஓடும், பகல் நீள்வதோடு சம்பந்தப்பட்டது அது. நல்ல பராமரிப்பில் ஒரு பருவத்துக்கு நூறு முட்டை கிடைக்கும். முட்டை நாற்பது கிராமை ஒட்டி இருக்கும், கூர்முனை, ஓடு மிகவும் கெட்டி. அந்தச் சமயத்தில் கூட்டம் ஜோடி ஜோடியாகப் பிரியும். பெண் புதரிலோ புல்லிலோ ஒரு பள்ளம் பார்த்து ஒளித்து முட்டை வைக்கும். ஒரே பள்ளத்தில் பல பெண்கள் இடுவதும் உண்டு, அதனால் இருபது முப்பது முட்டை ஒரே இடத்தில் கிடைத்தால் ஆச்சரியப்பட வேண்டாம். மத்தியானத்தில் ஒரு ஆண் எங்காவது சும்மா நின்று கத்திக்கொண்டிருந்தால் அந்தச் சுற்றுவட்டத்தில் தேடுங்கள். கையை வைத்தால் அந்தப் பள்ளத்தைக் கைவிட்டுவிடும் என்று வளர்ப்பவர்கள் சொல்வார்கள். கைபட்டதால் விடுகிறதா, முட்டை குறைந்ததால் விடுகிறதா என்பது தெளிவில்லை. நான் நாலைந்தை விட்டுவிட்டு மீதியை எடுக்கிறேன், அது போதுமானதாக இருக்கிறது. அடையில் அதையே உட்காரவிடாதீர்கள். ராத்திரி தரையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை நாயோ காட்டுப்பூனையோ கொண்டுபோகும், தப்பிக் குஞ்சு பொரித்தாலும் விடியற்காலைப் பனிப்புல்லில் குஞ்சுகளை இழுத்துக்கொண்டு அலைந்து பாதியைச் சாகடிக்கும். நாட்டுக்கோழி அடையில் வைப்பதே சிறந்தது. கோழி முட்டைக்கு 21 நாள், இதற்கு 26 முதல் 28 நாள் என்பதால் பொறுமையான அடைக்கோழியாகத் தேர்ந்தெடுங்கள். நாட்டுக்கோழி வளர்த்த கினிகள் கொட்டகைக்கும் எளிதாகப் பழகும்.

நாட்டுக்கோழியோடு விடலாமா என்றால், விடலாம், ஆனால் ஒரே கூண்டில் அடைக்கக் கூடாது. முட்டைப் பருவத்தில் ஆண் கினி சேவலைத் துரத்தித் துரத்தி வால் இறகைப் பிடுங்கும். திறந்த தோப்பில் சேவல் ஓடித் தப்பிக்கும், கூண்டுக்குள் தப்பிக்க வழியில்லை. தீவனத் தொட்டி இரண்டு இடத்தில் வையுங்கள். சேவலும் கினியும் இணைந்து கலப்புக் குஞ்சு வருவதும் எப்போதாவது நடக்கும். அது மலட்டுப் பறவை, அதனால் பயப்பட ஒன்றுமில்லை.

பாம்பு விஷயம். கினிக்கூட்டம் பாம்பைக் கண்டால் சுற்றி நின்று கத்தும், சின்னப் பாம்பாக இருந்தால் கொத்திக் கொல்வதும் உண்டு. இது உண்மை. கினி இருந்தால் அந்த இடத்துக்குப் பாம்பே வராது என்பதற்கு ஆதாரம் கிடையாது. கட்டுவிரியன் ராத்திரி திரிகிற பாம்பு, அந்த நேரத்தில் கினி கழியில் தூங்குகிறது. தீவனம் சிந்திக் கிடந்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும், முட்டைக்கும் வரும். எனவே டார்ச் லைட்டைக் கைவிட வேண்டாம். உண்ணி பற்றியும் இதே மாதிரி மிகைப்படுத்திப் பேசுகிறார்கள். அமெரிக்காவில் 1992ல் வந்த ஆய்வு ஒன்றில், கினி மேய்ந்த புல்தரையில் வளர்ந்த உண்ணிகள் குறைந்தது தெரிந்தது. பிறகு 2006ல் வந்த இன்னொரு ஆய்விலும் வளர்ந்த உண்ணி குறைந்தது, ஆனால் சின்னப் பருவத்து உண்ணி குறையவில்லை. மாட்டுக்கு உண்ணி மருந்து போடுவதை இதை நம்பி நிறுத்தக் கூடாது.

மாந்தோப்புக்கு என்ன லாபம்? வெட்டுக்கிளி, வண்டு, கரையான், களைவிதை எல்லாம் தின்னும். கோழி அளவுக்குத் தரையைக் கிளறாது, மேலாகக் கொத்தித் தின்னும் என்பதால் இளங்கன்றின் வேர் தப்பும். உதிர்ந்த பழத்தில் நெளியும் பழ ஈயின் புழுவையும் தின்னும், ஆனால் அதனால் அடுத்த வருடம் பழ ஈ குறையும் என்று நான் சொல்ல மாட்டேன். பக்கத்துத் தோப்பிலிருந்து ஈ பறந்து வந்துவிடும். பூங்கொத்தில் இருக்கும் தத்துப்பூச்சிக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. அதைவிட முக்கியம் பூக்கிற காலத்து மருந்தடிப்பு. தை, மாசியில் தெளிப்பு நடக்கும்போது செத்து விழும் பூச்சிகளை முதலில் பொறுக்குவது இந்தக் கூட்டம்தான். மருந்தடிக்கும் நாளும், டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்புக் காலம் முடியும் வரையிலும் கொட்டகையில் அடைத்து வைத்தே ஆக வேண்டும். பக்கத்துத் தோப்புக்காரரிடமும் அவர் அடிக்கும் தேதியைச் சொல்லச் சொல்லுங்கள், கினிக்கு உங்கள் வரப்பு எது என்று தெரியாது.

வாங்குவது என்று முடிவு செய்தால் ஜோடிக் கணக்கை விட்டுவிடுங்கள். பத்துக்குக் குறையாமல், ஒரே வயதுக் குஞ்சுகளாக, ஒரே இடத்திலிருந்து எடுங்கள். வைகாசிக்குள் பொரித்த குஞ்சாக இருந்தால் ஐப்பசி அடைமழைக்கு முன் இறகு முற்றிவிடும். ஓசூரை அடுத்த மத்திகிரியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கோழியினக் கல்லூரி இருக்கிறது. குஞ்சு எங்கே நம்பி வாங்கலாம் என்று அங்கே ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். வளர்ந்த பறவையை மட்டும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், சந்தையிலிருந்து தூக்கி வராதீர்கள். இரண்டு மாதம் அடைத்து வைத்துத் திறந்தாலும் அது தன் பழைய இடத்தைத் தேடித்தான் கிளம்பும், வழியில் இருப்பது நாலு வழிச் சாலையும் தெருநாயும்.